கரவன் பெட்டி கொழுவிக்கொண்டு வன்னி வழியாகப் போகிறவர் இரவில் எங்கே நிறுத்தித் தங்கலாம்?

படுக்கையும் சிறு சமையலறையும் உள்ள கரவன் ஒன்றைக் கப் வாகனத்தின் பின்னால் கொழுவிக்கொண்டு, ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் செல்லப்போவதாகவும், வன்னிக்குள் ஓரிரு இரவுகள் விடுதி எடுக்காமல் அந்தக் கரவனிலேயே தங்க விரும்புவதாகவும், அதற்கு ஏற்ற இடங்களைக் கூறுமாறும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர், பிள்ளைகளும் வயதான பெற்றோரும் உங்களோடு வருகிறார்கள், ஓட்டப்போவதும் நீங்களே என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் முதியவர்களைப் பற்றிச் சொல்வதை விட்டுவிடுங்கள். மற்றவை யாருக்கும் பொருந்தும்.

நான் கரவன் ஓட்டியவன் அல்லன். முள்ளியவளைப் பக்கத்தில் வயல் செய்பவன். உழவு இயந்திரத்தின் பின்னால் கொழுவி நெல்லும் எருவும் ஏற்றுகிற பெட்டியைக் கழுவித் துடைத்து, வளைத்த கம்பிகளின் மேல் தறப்பாள் கட்டி, வைக்கோல் பரப்பிப் பாய் விரித்து, வீட்டாரையும் அயலவரையும் மடு மாதா தேவாலயத் திருவிழாவுக்கு ஏற்றிச் சென்று வருபவன். உழவு இயந்திரக்காரனுக்குக் கரவனைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள் என்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே மெத்தை இருந்தாலும் வைக்கோல் இருந்தாலும், பின்னுக்கு எடுக்கும்போது எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரித்தான் மடங்கும். ஈர மண்ணில் ஒரே மாதிரித்தான் புதையும். வன்னிச் சனத்துக்குப் பெட்டியில் படுத்துறங்குவது புதிதும் அன்று. 2008ஆம், 2009ஆம் ஆண்டுகளில் போரால் இடம்பெயர்ந்த எத்தனையோ குடும்பங்களுக்குப் பெட்டிதான் வீடாக இருந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் இரவுக்கு இடம் பார்க்கத் தெரியாதவர்கள் என்று எங்களை யாரும் நினைக்க வேண்டாம்.

இப்படிக் கேட்கிறவர்களுக்குப் பலரும் குளக்கரையைத்தான் காட்டிவிடுகிறார்கள். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று பெயர்கள் வரிசையாக வரும். படத்தில் பார்த்தால் எல்லாமே அழகுதான். பகலில் போய்ப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். பெட்டியோடு இரவு தங்க அங்கே போக வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. குளக்கட்டின் மேலுள்ள பாதை ஒடுக்கமானது. எதிரே ஓர் உழவு இயந்திரம் வந்தால் உங்களில் ஒருவர் பின்னுக்கு எடுக்க வேண்டும், ஒரு பக்கம் தண்ணீரும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கும் இடத்தில் அதைச் செய்யப்போவது அவர் அல்லர், நீங்கள்தான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கட்டை விட்டுத் தண்ணீர் ஏறி இறங்கும் அலைகரைக்கு இறங்கினால் நிலம் மேலே காய்ந்து வெடித்திருக்கும்; அடியில் சேறு இருக்கிறதா என்பதை வாகனத்தின் சில்லு இறங்கிய பிறகுதான் அறியலாம். மாரிகாலத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி மழை இல்லாமலே, மேலே கனகராயன் ஆற்றுப் பக்கம் பெய்த மழை இரணைமடுவை நிரப்பிவிடும். 2018ஆம் ஆண்டு டிசெம்பரில் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் எப்படிப் பரவியது என்பதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை.

கோடையில் வெள்ளம் இல்லை, யானை இருக்கிறது. சிறு குளங்களும் காட்டுக்குள் இருக்கும் நீர்மோட்டைகளும் வற்றிவிடும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் தண்ணீர் நிற்கிற குளத்தைத் தேடி யானை பொழுதுபடும் நேரத்தில் வரும். குளக்கரை அதனுடைய வழி. அங்கே கரவனைக் குறுக்காக நிறுத்திவிட்டு யானைத் தொல்லை என்று முறையிடுவது நியாயம் ஆகாது.

இது தொடர்பாக என் வீட்டிலேயே தீராத ஒரு வழக்கு இருப்பதால் அதையும் சொல்கிறேன். ஓகஸ்ட் 15ஆம் திகதித் திருவிழா முடிந்து மடுவிலிருந்து திரும்பிய ஒரு முறை, கனடாவிலிருந்து வந்திருந்த அத்தானும் எங்களோடு பெட்டியில் இருந்தார். சனநெரிசலில் புறப்படவே பிந்திவிட்டது. உழவு இயந்திரத்தின் வேகம் உங்களுக்குத் தெரியும். வவுனியாவைக் கடந்து ஓமந்தையைத் தாண்டும்போதே வெயில் சாய்ந்துவிட்டது. அதற்கப்பால் புளியங்குளம், கனகராயன்குளம் என்று வீதியின் இருபுறமும் காடு. இருளில் அந்தப் பகுதியைப் பெட்டியோடு கடக்க நான் விரும்பவில்லை. உள்ளே சற்றுத் தூரத்தில் ஒரு குளம் இருந்தது. சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. மருத மரங்களின் கீழே புல்தரை. அங்கேயே இறங்குவோம், இப்படி ஓர் இடத்துக்குத் தங்கள் நாட்டில் பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும் என்று அத்தான் சொன்னார்.

நான் இயந்திரத்தை வீதியோரத்தில் நிறுத்திவிட்டு நடந்துபோய்ப் பார்த்தேன். உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே பாதை. புல்தரை நல்லதுதான், ஆனால் திரும்புவதற்கு அகலம் போதாது. அவசரம் என்றால் இருட்டில் பின்னுக்கு எடுத்துத்தான் வர வேண்டும். கரையில் ஈரம் காயாத யானை இலத்தி கிடந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு வீட்டு விளக்கும் இல்லை. திரும்பி வந்து, இங்கே இல்லை, அடுத்த ஊர்ப் பிள்ளையார் கோவில் வீதிக்குப் போகிறோம் என்றேன். காட்டில் வளர்ந்தவனுக்குக் காட்டுக்குப் பயமா என்று அத்தான் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குச் சுடுகிறது என்பதை மறைக்கப்போவதில்லை.

கோவிலில் நிர்வாக சபைத் தலைவரைத் தேடிப்போய்க் கேட்டோம். மடுவால் வருகிறோம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. மீன், இறைச்சி சமைக்கக்கூடாது, கிணற்றடியில் சவர்க்காரம் பாவிக்கக்கூடாது, காலைப் பூசைக்கு முன் தேர் முட்டிப் பக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். வெளிவீதி கிறவல் போட்டு இறுக்கிய நிலம். ஒரு பக்கத்தால் நுழைந்து கோவிலைச் சுற்றி மறுபக்கத்தால் வெளியே வந்துவிடலாம். பின்னுக்கு எடுக்கும் வேலையே இல்லை. வாசலில் இரவு முழுதும் ஒரு விளக்கு எரிந்தது. நீரிழிவு உள்ள என் மாமியார் இரவில் எழும்பிய ஒவ்வொரு தடவையும் அந்த வெளிச்சத்தில் தானாகவே மலசலகூடத்துக்குப் போய் வந்தார். நுளம்பு இருந்தது, உண்மை. விடியுமுன்னே ஒலிபெருக்கியில் பக்திப்பாடல் தொடங்கியதும் உண்மை. அன்றிரவு அந்தக் குளத்துக்கு யானை வந்ததா என்று யாருக்கும் தெரியாது. வரவில்லை என்று அத்தான் இன்றும் தொலைபேசியில் சாதிக்கிறார். வந்தது என்று நான் சொல்லவில்லை; வந்திருந்தால் பெட்டியை எப்படி வெளியே எடுத்திருப்போம் என்பதற்கு அவரிடம் இன்னும் பதில் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே, இடத்தைப் பார்க்கும்போது வெளியேறும் வழியை முதலில் பாருங்கள். நுழையும்போதே, மறுநாள் போக வேண்டிய திசைக்கு முகம் வைத்து நிறுத்த முடியாவிட்டால் அந்த இடம் உங்களுக்கு உரியது அன்று. நீங்கள் பெட்டி பின்னுக்கு எடுத்துப் பழகாதவராக இருந்தால் இது இன்னும் முக்கியம்; சுக்கானை ஒரு பக்கம் திருப்பினால் பெட்டியின் பின்புறம் மறுபக்கம் போகும், பெட்டி குட்டையாக இருந்தால் இன்னும் விரைவாக மடங்கும். அடுத்தது நிலம். குதிக்காலால் அழுத்தி மிதித்துப் பாருங்கள். குதி பதிந்தால் சில்லும் பதியும். கிறவல் நல்லது. மணலில் முன் தாங்குசில்லின் கீழ் ஓர் அகலப் பலகை வேண்டும். மன்னார்ப் பக்கம், குறிப்பாக முருங்கனை அண்டிய கருங்களி நிலத்தில் மழைக்காலத்தில் வீதியை விட்டு ஓர் அடியும் இறங்க வேண்டாம். காய்ந்த கொப்புள்ள மரத்தின் கீழும், தென்னையின் கீழும் நிறுத்தக்கூடாது என்பதை ஊரில் பிறந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நிழலைக் கண்டதும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

வன்னியில் இதைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. பாதையே இல்லாத பற்றைக்குள், வெறுமையாகக் கிடக்கிறதே என்று வாகனத்தை இறக்காதீர்கள். கண்ணிவெடி அகற்றும் பணி பெருமளவு நடந்திருக்கிறது. ஆனாலும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நிற்கும் இடங்கள் உண்டு. பலகை இல்லை என்பதால் நிலம் பார்க்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. மாடு மேயும் நிலமா, விறகுக்கு ஆள் போய் வரும் இடமா என்று அயலில் கேளுங்கள்.

ஏ9 வீதியில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடைப்பட்ட பகுதியைப் பகல் வெளிச்சத்திலேயே முடித்துவிடுங்கள். மாலை நான்கு மணிக்கு ஓட்டத்தை நிறுத்துவது என்று வைத்துக்கொண்டால், இடம் பிடிக்காமல் போனாலும் அடுத்த ஊருக்குப் போக வெளிச்சம் இருக்கும். இருட்டிய பின் யானை மட்டுமன்றிக் கட்டாக்காலி மாடுகளும் சூட்டுக்காக வீதியிலேயே படுத்துவிடும். பெட்டி கொழுவிய வாகனம் சடுதியாகப் பிரேக் போட்டால் பெட்டி முன்னுக்குத் தள்ளும். இரவில் பெட்டியோடு போகிறவரைப் பொலிஸார் மறித்து, கள்ளமாக ஏற்றிய மணலா, மரமா என்று பார்ப்பதும் இங்கே வழக்கம்; நேரம் போகும் என்பதைத் தவிர அதில் பயப்பட ஒன்றுமில்லை.

முறிகண்டியில் தங்கலாமா என்று பலரும் கேட்பார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, கால் நீட்டி இளைப்பாற அதைப் போல இடம் இல்லை. உறங்குவதற்கு உதவாது, கொழும்பு பஸ்கள் இரவிரவாக நின்று போகும். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோவிலடி விசாலமானது, நந்திக்கடல் காற்றும் உண்டு, ஆனால் வைகாசிப் பொங்கல் திங்களை ஒட்டி அங்கே கரவனைக் கொண்டுபோனால் நடக்கவும் இடம் இருக்காது. மடுவும் அப்படியே: ஜூலை 2, ஓகஸ்ட் 15 திருவிழாக்களின்போது கூடாரத்தோடு வரும் யாத்திரிகர்களோடு ஒருவராக இருக்க விருப்பமென்றால் போங்கள், அமைதி தேடுபவரென்றால் வேறு நாள் பாருங்கள். பூநகரிப் பக்கமாகப் போவதானால் சங்குப்பிட்டிப் பாலத்தைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். சோளகம் உரத்த பிற்பகலில் உயரமான பெட்டியைப் பக்கவாட்டில் காற்று தள்ளும்.

விடுதி வளவுக்குள் நிறுத்திப் பணம் கொடுத்துத் தங்கலாமே என்று சிலர் எழுதக்கூடும். உங்களுக்கு இடம் கொடுப்பார்கள். ஒரு மழை இரவில், நோய்ப்பட்ட ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்த நாங்கள் வீதியோர விடுதி ஒன்றில் வாகனத் தரிப்பிடத்தின் ஒரு மூலையைக் கேட்டோம். பணமும் தருகிறோம் என்றோம். உழவு இயந்திரத்தை உள்ளே விட முடியாது, மற்ற விருந்தினர்கள் விரும்பமாட்டார்கள் என்றார்கள். அந்த வளவில் அப்போது இரண்டு வாகனங்களுக்கு மேல் இல்லை. வெளிநாட்டுக் கரவனுக்குத் திறக்கும் படலை எங்கள் பெட்டிக்குத் திறக்காது என்பதை எழுதாமல் விட மனம் வரவில்லை. விடுதி நடத்துபவர்கள் எல்லோரும் அப்படியென்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பெற்றோருக்குக் குளியலறை கட்டாயம் என்றால், வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஓர் இரவு அப்படித் தங்குவதே நல்லது.

கோவிலோ தேவாலயமோ தெரிந்தவர் வளவோ, எதுவானாலும் அனுமதி கேட்காமல் தங்காதீர்கள். ஆள் கிடைக்காவிட்டால் கிராம அலுவலரைக் கேட்டால் யாரைக் கேட்பதென்று சொல்லுவார். காட்டோர ஊர்களில் யானைக்கான மின்சார வேலி இருந்தால் அதற்கு ஊர்ப்பக்கமாக நிறுத்துங்கள். அரிசி, உப்பு, வாழைப்பழம் ஆகியவற்றை யானை மணத்தில் அறிந்து வரும். கரவன் சுவர் அதற்குத் தடை ஆகாது. பொருட்களை வீட்டுக்காரரின் களஞ்சியத்தில் வைக்கக் கேட்டால் மறுக்கமாட்டார்கள். புழுக்கமாக இருக்கிறதென்று வெளியே பாய் விரித்து நிலத்தில் படுக்கவும் வேண்டாம். உறங்குபவரைக் கடிப்பதில் கட்டுவிரியன் பேர்போனது, கடித்ததும் பல வேளைகளில் தெரியாது. கரவனின் மலசலத் தொட்டியை வெறுமையாக்கவென்று ஓர் இடத்தை நான் இங்கே கண்டதில்லை. வாய்க்காலிலும் குளத்திலும் அதை ஊற்ற நினைக்கவே கூடாது. தங்கும் இடத்தாரின் மலக்குழியை இரந்து கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

ஓர் இரவு மட்டும் தங்குவதானால் பெட்டியைக் கழற்றாதீர்கள். கொழுவியபடியே இருக்கட்டும், இரு பக்கச் சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இரண்டாம் நாள் வாகனம் தனியே வேண்டுமென்றால், கட்டை வைத்த பிறகே கொழுக்கியைக் கழற்ற வேண்டும். மறுநாள் புறப்படுமுன் தண்ணீர்க் கான்களையும் பயணப் பெட்டிகளையும் பின்மூலையில் அடுக்காமல் சில்லுக்குச் சற்று முன்னால் வையுங்கள். பெட்டியின் மொத்த நிறையில் ஒரு பங்கு கொழுக்கியில் அமர்ந்தால்தான் ஓட்டத்தில் பெட்டி வால் ஆட்டாது. புகையிரதக் கடவைகளில் நீளமான கரவனின் பின்புறம் உரசும் என்பதால் மெதுவாக ஏறி இறங்குங்கள்.

உங்கள் கரவனின் நீளம் எத்தனை அடி, எந்த மாதத்தில் வருகிறீர்கள், ஏ9 வீதியால் நேரே போகிறீர்களா, பரந்தனில் திரும்பி ஏ35 வீதியால் முல்லைத்தீவுப் பக்கமும் வருவீர்களா என்பதை எழுதுங்கள். எங்கள் பக்கம் வந்தால் எந்தக் கோவில் வீதிக்குள் அந்த நீளம் சுற்றி வரும் என்று என்னால் சொல்ல முடியும்.