வீட்டில் பீர் காய்ச்சுபவருக்குக் சூடான சாற்றைக் குளிர்விக்க ஸ்டீல் காயில் (உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடும் சுருள் குழாய்) போதுமா, செம்பு வேண்டுமா?

ஸ்டீலே போதும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிடச் செம்பு 20 மடங்குக்கும் மேல் வெப்பம் கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர் அளவுதானே! பெரிய தடை, குழாயை ஒட்டி அசையாமல் நிற்கும் திரவப் படலம். கொதித்து முடித்த மால்ட் சாற்றை மெதுவாகக் கிளறிக்கொண்டே இருங்கள். வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். செம்பைவிடக் கொஞ்சம் நேரம் கூடும், அவ்வளவுதான்.

அளவு சொல்லிச் செய்விப்பதானால், 20 லிட்டர் பாத்திரத்துக்கு 12 மி.மீ. குழாயில் சுமார் 15 மீட்டர் கேளுங்கள். சுற்றுகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி அவசியம். இரு முனைகளும் பாத்திர விளிம்பைத் தாண்டி வெளியே வளைந்து வரட்டும். இணைப்பு கசிந்தாலும் தண்ணீர் பீரில் விழாது. அப்புறம், காயிலைச் சுத்தம் செய்ய ப்ளீச் மட்டும் வேண்டவே வேண்டாம்: அதிலுள்ள குளோரின் ஸ்டீலைக் குழிகுழியாக அரித்துவிடும்.