17 வயது மகளை வெளிநாட்டு இயற்கைப் பண்ணைக்குத் தன்னார்வலராக அனுப்பலாமா?

சேலத்தில் பிளஸ் டூ முடித்த பெண் என்கிறீர்கள். ஒரு வருடம் பொறுங்கள். 1971-இல் இங்கிலாந்தில் தொடங்கிய, தன்னார்வலர்களை இயற்கைப் பண்ணைகளோடு இணைத்துவிடும் 'வூஃப்' (WWOOF) அமைப்பு வழியாகத்தான் பலரும் போகிறார்கள்; பெரும்பாலான நாடுகளில் அதற்கு 18 நிரம்ப வேண்டும். தினமும் சில மணி நேர வேலைக்குச் சாப்பாடும் தங்க இடமும் தருவார்கள். சம்பளம் கிடையாது, விமானச் செலவும் நம்முடையதுதான்.

பெரிய சிக்கல் விசா. காசே வாங்காவிட்டாலும், சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் உழைப்பதை நியூசிலாந்து போன்ற நாடுகள் வேலையாகவே கணக்கிடுகின்றன. சுற்றுலா விசாவில் போய்க் களை பிடுங்கினால் திருப்பி அனுப்பிவிடலாம். "அதெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள்" என்று பண்ணைக்காரர் சொன்னால் அந்தப் பண்ணையே வேண்டாம்.

அதுவரை, காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஏற்காட்டில் தெரிந்தவர் தோட்டத்தில் சில வாரம் வேலை செய்யட்டும். பனியில் சரிவில் நின்று பறித்த பிறகும் ஆசை இருக்கிறதா பாருங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் இப்போதே எடுத்துவைக்கலாம்.