காசில்லாமலும் திறந்து வைக்கலாம்

அன்புள்ள ஐயா,

தான்சானியாவில் கற்பித்த காலத்தில் உங்களுக்கு மலேரியா வந்ததைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளை எல்லோரும் படிக்கும்படி வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் டெங்கு பரப்பும் கொசுக்களை ஆராய்கிறேன். வாசகரிடம் காசு வாங்காத இதழ்கள் பல, எழுதுகிறவரிடம் ஆயிரக்கணக்கான டாலர் கேட்கின்றன. எங்கள் துறையில் அவ்வளவு பணமில்லை. நாங்கள் என்ன செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பணமில்லாமலும் வழி உண்டு. இதழ் உங்கள் கட்டுரையை ஏற்றுக்கொண்டதும், மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்களெல்லாம் செய்த இறுதிப் பிரதி உங்கள் கையில் இருக்கும். அதைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றிவிடுங்கள். பல பதிப்பகங்கள் இதை அனுமதிக்கின்றன. சில, ஆறு மாதமோ ஒரு வருடமோ பொறுக்கச் சொல்லும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2009லேயே இதைத் தன் ஆசிரியர்களுக்கான கொள்கையாக ஆக்கிவிட்டது.

நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் லைபீரியா. 2014இல் பரவிய எபோலாவில் அங்கே 4,800க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நாட்டில் எபோலா வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் பேசிக்கொண்டார்கள். ஆனால் லைபீரியாவையும் எபோலா பகுதியில் சேர்க்க வேண்டும் என்று 1982லேயே ஓர் ஐரோப்பிய இதழில் ஆய்வுக்கட்டுரை வந்திருந்தது. லைபீரியாவின் தலைமை மருத்துவ அதிகாரி பெர்னிஸ் டானும் இன்னும் இருவரும் 2015இல் இதை நியூயார்க் டைம்ஸில் எழுதினார்கள். அப்படியொரு கட்டுரையைத் தரவிறக்க அப்போது 45 டாலர் ஆனது. அங்குள்ள மருத்துவரின் அரை வாரச் சம்பளம். காசு மட்டுமே தடை என்று சொல்ல மாட்டேன். அந்த ஆய்வை எழுதியவர்களில் லைபீரியர் ஒருவர்கூட இல்லை. ஆய்வுக்கான இரத்தம் அங்கிருந்து போனது, முடிவு அங்கே திரும்பி வரவில்லை.

தான்சானியாவில் என் பல்கலைக்கழகத்துக்கு ஹினாரி இருந்தது. உலக சுகாதார நிறுவனம் பதிப்பகங்களோடு சேர்ந்து 2002இல் தொடங்கிய திட்டம் அது. ஏழை நாடுகளின் நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களைத் தருகிறது. எனக்கு வைத்தியம் பார்த்தவரோ தெருமுனையில் சிறு கிளினிக் நடத்தியவர். விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, பரிசோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு தெரிவதைக் காட்டினார். ஆர்ட்டிமீத்தர்-லுமிஃபான்ட்ரின் மாத்திரை மூன்று நாளில் ஆறு வேளை, பாலோடு சாப்பிடச் சொன்னார். கொழுப்பு இருந்தால்தான் மருந்து உடம்பில் சரியாகச் சேரும். அவருக்கு ஹினாரி கிடையாது. அவர் கேட்கும் கட்டுரைகளை அப்புறம் நான்தான் இறக்கிக் கொடுப்பேன். மலேரியாவுக்கு மருந்து தருகிறவருக்கு மலேரியா ஆய்வு தன் நோயாளி வழியாகத்தான் கிடைக்க வேண்டுமா?

நீங்கள் கொசு சேகரிக்கும் ஊர்களிலும் அவரைப் போன்றவர்கள் இருப்பார்கள். பழைய கட்டுரைகளையும் விட்டுவிடாதீர்கள். எந்த இதழ் எந்தப் பிரதியை அனுமதிக்கிறது என்று உங்கள் நூலகரிடம் கேளுங்கள், பார்த்துச் சொல்வார். அங்கே உங்களோடு வேலை செய்தவர்களின் பெயரும் கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் வரட்டும்.

அன்புடன்