படர்தாமரைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்ட மாத்திரையை நானும் வாங்கிச் சாப்பிடலாமா?

சாப்பிடக் கூடாது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஒரே வாரத்தில் அரிப்பு நின்றுவிட்டது என்றும், அதே இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்துக் காப்ஸ்யூலைச் சீட்டு இல்லாமலே கடையில் கொடுக்கிறார்கள் என்றும், கல்லீரல் கெட்டுவிடும் என்று உங்கள் மனைவி தடுக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அட்டை இப்போதே உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டுதான் பதில் எழுதுகிறேன். இல்லையென்றால் நல்லது.

நான் மருத்துவர் அல்ல. நீலகிரியில் கேத்தி பாலாடாவை ஒட்டிய ஒரு சிறிய மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். "கடையில் நிற்பவருக்கு என்ன தெரியும்" என்று பின்னூட்டம் எழுதக் கை துறுதுறுப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எந்த நோய்க்கு எந்த மருந்து என்று முடிவு செய்வது என் வேலை இல்லை, ஒரு மருந்து இன்னொரு மருந்தோடு சேர்ந்தால் உடம்பில் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் நான் படித்த படிப்பு. இந்தப் பதிலும் அந்த எல்லையைத் தாண்டாது.

உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி, நீங்கள் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மற்ற மாத்திரைகளில் இருக்கிறது. அவை என்னென்ன என்று நீங்கள் எழுதவே இல்லை.

எங்கள் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் துணி காய்வதே இல்லை. கேரட் கழுவும் இடங்களில் இரவு வேலை செய்பவர்கள், விடிவதற்குள் மூட்டைகள் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்பியாக வேண்டும் என்பதால், உள்ளே தண்ணீர் புகுந்த கம்பூட்ஸைக் கழற்றாமலே நிற்பார்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண், தொடையிடுக்கில் படர்தாமரை, கால் நகத்தில் சொத்தை என்று ஏதாவது ஒன்று எங்கள் கடைக்கு வராத வாரம் கிடையாது.

அப்படி வந்தவர்களில் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், மூட்டை ஏற்றும் வேலை செய்பவர். கடைசியில் இரண்டு மட்டும் மிஞ்சியிருந்த இட்ராகொனசோல் அட்டையை நீட்டி, இதிலேயே இன்னும் பத்து வேண்டும் என்றார். வேறொரு கடையில் வாங்கியது, சீட்டும் இல்லை. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் அண்ணா என்று கேட்டேன். "சக்கரைக்கும் கொழுப்புக்கும் எப்பவும் சாப்பிடறதுதான், அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார். கொழுப்புக்கு அவர் சாப்பிட்டது அட்டோர்வாஸ்டாட்டின். அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை இட்ராகொனசோல் தடுத்துவிடும். அதனால், வழக்கமான அளவையே சாப்பிட்டாலும், இரத்தத்தில் அட்டோர்வாஸ்டாட்டின் அளவு ஏறிக்கொண்டே போகும். அது முதலில் தசையைத் தாக்கும். அரிதாகச் சிலருக்குத் தசை நார்கள் சிதைந்து சிறுநீரகம் வரைக்கும் போய்விடும். உடம்பு வலி உண்டா என்று கேட்டபோதுதான், சில நாட்களாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எழ முடியவில்லை, தொடை கடுக்கிறது, மூட்டை தூக்குவதால் இருக்கும் என்று சாதாரணமாகச் சொன்னார்.

நான் கொடுக்க மறுத்தேன். அவர் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவரிடம் அன்றைக்கே காட்டச் சொன்னேன். ஒரு மாத்திரைக்கு இத்தனை கேள்வியா, வேறு கடையே இல்லையா என்று திட்டிவிட்டுத்தான் போனார். ஆனாலும் தாளை எறிந்துவிடவில்லை. மறுநாள் அவருடைய மகள் வந்து சொன்னதன்படி, மருத்துவர் காப்ஸ்யூலை நிறுத்தி, கொழுப்பு மாத்திரையையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லி, இரத்தம் எடுத்துப் பார்த்ததில் தசை நொதி ஏறியிருந்தது. அது இறங்கிய பிறகு, தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து, கல்லீரல் பரிசோதனையும் செய்து, வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். சீட்டோடு அந்த மருந்தை வாங்க அவர் எங்கள் கடைக்கே வந்தார் என்பதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

இனி உங்கள் விஷயம். பூஞ்சைக்கான மாத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல. இட்ராகொனசோல் காப்ஸ்யூலைச் சாப்பாடு முடிந்த கையோடு விழுங்க வேண்டும். அது உடம்பில் சேர வயிற்று அமிலம் தேவை என்பதால், பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பாதி மருந்து வீணாகலாம். இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆபத்து. கால் வீக்கமோ மூச்சிரைப்போ இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இப்போது வரும் புதுவகைக் காப்ஸ்யூல்களில் மில்லிகிராம் எண் குறைவாக இருக்கும். பழைய வகையோடு அந்த எண்ணை ஒப்பிட்டுக் கூட்டியோ குறைத்தோ சாப்பிடக் கூடாது. ஃப்ளூகொனசோல், சர்க்கரைக்கான கிளிமெபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் சாப்பிடுபவருக்கு, அதே ஃப்ளூகொனசோலால் இரத்தப்போக்கு ஏற்படலாம். டெர்பினாஃபின், ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. சிலருக்கு நாக்கில் ருசியே போய்விடும், அது திரும்ப வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆகலாம். கிரிசியோஃபல்வின் சாப்பிட்ட ஆண்கள், மருந்து முடிந்து ஆறு மாதம் வரை குழந்தைக்கு முயலக் கூடாது என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. மனைவி கருவுற்றிருந்தாலோ அதற்குத் திட்டமிட்டிருந்தாலோ, உங்கள் அட்டையிலிருந்து அவருக்கு ஒன்று கிள்ளிக் கொடுக்கும் வேலையே வேண்டாம். கீட்டோகொனசோல் மாத்திரையைப் பழைய சீட்டை வைத்துக்கொண்டு யாராவது சொன்னால் வாங்காதீர்கள். கல்லீரல் பாதிப்பு காரணமாக 2013-இலேயே அமெரிக்காவில் அதற்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. ஐரோப்பிய மருந்து முகமை, பூஞ்சைத் தொற்றுக்கு அதைத் தருவதை நிறுத்தச் சொன்னது.

அரிப்பு நின்றதும் மாத்திரையை நிறுத்துவது, நிற்கவில்லை என்று நாமே இரட்டிப்பாக்குவது, இரண்டும் இங்கே தினமும் நடக்கின்றன. நகச்சொத்தைக்கு டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் தினம் ஒன்று, கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம் என்பது வழக்கமான கணக்கு. மருந்து முடிந்த பிறகும் நல்ல நகம் முழுதாக வளர ஒரு வருடம் கூட ஆகும் என்பதால், மஞ்சள் போகவில்லையே என்று கூடுதலாக விழுங்கக் கூடாது. படர்தாமரைக்கான கால அளவு வேறு. டெர்பினாஃபினுக்கு அடங்காத பூஞ்சை இனம் நம் நாட்டில் பரவியிருப்பதால், அண்ணனுக்குக் கேட்டது உங்களுக்கும் கேட்கும் என்று சொல்லவும் முடியாது.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து எல்லாம் கலந்த களிம்பைத்தான் முதலில் எல்லோரும் தடவிவிட்டு வருகிறார்கள். அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும், பூஞ்சை மட்டும் அடியில் பரவிக்கொண்டே இருக்கும். அதன் பிறகு மாத்திரைக்கு வந்து நிற்பார்கள். 2018-இல் இத்தகைய வீரியமான ஸ்டீராய்டு களிம்புகளுக்கும் மருத்துவர் சீட்டு கட்டாயமாக்கப்பட்டது. சட்டம் இருக்கிறது, கேட்பவரும் கொடுப்பவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. சீட்டு கேட்டால் நான் வியாபாரம் தெரியாதவள் ஆகிவிடுகிறேன்.

நீங்கள் ஏற்கெனவே சாப்பிடத் தொடங்கியிருந்தால், பசியின்மை, குமட்டல், காரணமில்லாத அசதி, வலது விலாவின் கீழ் வலி, வரக்காப்பி போலச் சிறுநீர், கண்ணில் மஞ்சள், தசை வலி, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த காப்ஸ்யூலைப் போடாமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மருந்து முடியும் வரை மது வேண்டாம். எதுவும் வரவில்லை என்றாலும் இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரிடம் போங்கள்; சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, தூக்கம், வயிற்றெரிச்சல் என்று வீட்டில் உங்கள் பெயரில் இருக்கும் எல்லா அட்டைகளையும், தடவிய களிம்பையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கடையில் கத்தரித்துக் கொடுத்ததில் பெயரும் காலாவதி தேதியும் வெட்டுப்பட்டுப் போன துண்டு அட்டை இருந்தால், அதையும் விடாதீர்கள்.