‘குரங்கின் பாதம்’ கதையில் வரப்போவது எங்கெல்லாம் முன்கூட்டியே காட்டப்படுகிறது?

கேள்வி டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் வெளியிட்ட பேய்க்கதையைப் பற்றியது: அதில் முன்னறிகுறிகள் எங்கே இருக்கின்றன, எவையெல்லாம் குறியீடுகள்? முடிவு வரைக்கும் பேசியாக வேண்டும். படிக்காதவர்கள் முதலில் கதையைப் படித்துவிடுங்கள், சின்னக் கதைதான்.

சுருக்கம் இது. இங்கிலாந்தில் ஒதுக்குப்புறமான ஒரு வீட்டில் வயதான ஒயிட் தம்பதியும் மகன் ஹெர்பர்ட்டும் இருக்கிறார்கள். 21 வருஷம் இந்தியாவில் கழித்த ராணுவக்காரர் மோரிஸ் விருந்துக்கு வருகிறார். அவரிடம் உலர்ந்துபோன குரங்குப் பாதம் ஒன்று இருக்கிறது. மூன்று பேருக்கு ஆளுக்கு மூன்று வரம் தரும்படி ஒரு பக்கீர் அதை மந்திரித்து வைத்திருக்கிறார். ஒயிட் 200 பவுண்டு கேட்கிறார். மறுநாள் ஹெர்பர்ட் வேலை செய்யும் இடத்தில் இயந்திரத்தில் சிக்கி இறந்துபோகிறான். கம்பெனி தரும் தொகை அதே 200 பவுண்டு. அப்புறம் தாயின் பிடிவாதத்தால் மகனை உயிரோடு கேட்கிறார். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது.

என்னைக் கேட்டால், இந்தக் கதையின் முன்னறிகுறிகளில் பாதிக்கு மேல் கிண்டலுக்குள் இருக்கின்றன, அதுவும் சாகப்போகிறவன் வாயிலேயே. 200 பவுண்டு உங்களுக்கு எப்படிக் கெடுதல் செய்யும் என்று அப்பாவிடம் அம்மா கேட்கும்போது, வானத்திலிருந்து அப்பா தலையில் விழலாம் என்கிறான் ஹெர்பர்ட். பணம் எங்கே, நான் அதைப் பார்க்கவே போவதில்லை என்கிறான். அவன் வாய் முகூர்த்தம், கடைசிவரை பார்க்கவே இல்லை. வேலைக்குக் கிளம்பும்போது, நான் திரும்பி வருவதற்குள் பணத்தில் கை வைத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவன் வந்ததும் இதை வைத்து இன்னும் என்னவெல்லாம் கேலி பண்ணுவானோ என்று அன்றைக்கே அம்மாவும் பேசுகிறாள். முதல் தடவை படிக்கும்போது நாமும் அவர்களோடு சேர்ந்து சிரித்தபடி இந்த வரிகளைக் கடந்துவிடுகிறோம். முடிவு தெரிந்து மறுபடி படித்தால் ஒவ்வொன்றும் நெஞ்சில் தைக்கிறது. ஜேக்கப்ஸ் நகைச்சுவைக் கதைகளுக்குப் பேர்போனவர். அந்தக் கைப்பழக்கத்தைத்தான் இங்கே பயமுறுத்தப் பயன்படுத்தியிருக்கிறார்.

குறியீடு என்றதும் எல்லோரும் பாதத்தைச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வாசல். கதை முழுக்க அந்த வாசலுக்கு மூன்று வருகை. முதலில் மோரிஸ். கேட் அடித்துச் சாத்தும் சத்தமும் கனமான காலடிகளும் கேட்டதும் ஒயிட் விருந்தாளியை வரவேற்க அவசரமாக எழுந்து போய்க் கதவைத் திறக்கிறார். இரண்டாவது, கம்பெனி ஆள். மூன்று முறை கேட்டருகில் நின்றுவிட்டு மேலே நடந்துவிடுகிறார், நான்காவது தடவைதான் உள்ளே வருகிறார். மூன்று வரம் உள்ள கதையில் அந்த மூன்று தயக்கமும் சும்மா வைத்ததல்ல என்பது என் எண்ணம். திருமதி ஒயிட் அவருடைய நல்ல உடுப்பையும் பளபளக்கும் புதுத் தொப்பியையும் பார்க்கிறாள், அவள் மனம் அந்த 200 பவுண்டுக்குப் போகிறது. மூன்றாவதாக வந்தது யார், என்ன நிலையில் வந்தது என்று நமக்குக் காட்டவே இல்லை. எட்டாத மேல் தாழ்ப்பாளைத் திறக்க அவள் நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். முதல் நாள் ஓடிப்போய்க் கதவு திறந்த அதே மனிதர் இப்போது தரையில் தவழ்ந்து பாதத்தைத் தேடுகிறார், கதவு திறப்பதற்குள் மூன்றாவது வரத்தைக் கேட்டுவிட வேண்டும் என்று.

பாதத்துக்கு வருகிறேன். அதைப் புரிந்துகொள்ள முதல் பக்கத்து செஸ் ஆட்டத்தைப் பாருங்கள். அப்பா தேவையில்லாமல் ராஜாவை ஆபத்தில் கொண்டுபோய் வைக்கிறார். தப்பு தெரியும்போது காலம் கடந்துவிட்டது. மகன் கவனித்துவிடக் கூடாதே என்று காற்றின் சத்தத்தைக் கேள் என்று பேச்சை மாற்றுகிறார். பையன் ‘செக்’ என்கிறான், கொஞ்ச நேரத்தில் ‘மேட்’. பாதத்தை மோரிஸ் நெருப்பில் எறியும்போது அதை எடுப்பதும் ராஜாவை ஆபத்தில் வைத்த அப்பாவின் கைதான். முதலில் வைத்திருந்தவன் கேட்ட மூன்றாவது வரம் சாவு என்று மோரிஸ் சொன்ன பிறகும் எடுக்கிறார்.

தேர்வு விடைகளில் பாதம் என்றால் பேராசை என்று எழுதிவிடுகிறார்கள். அதோடு எனக்கு உடன்பாடில்லை. ஒயிட் என்ன கேட்பது என்றே தெரியாமல் நிற்கிறார், வேண்டியதெல்லாம் இருக்கிறது என்கிறார். 200 பவுண்டு வீட்டுக் கடனை அடைக்க, அதுவும் மகன் எடுத்துக்கொடுத்த யோசனை. இதைப் பேராசை என்றால் கதையின் கொடுமையே போய்விடும். பக்கீர் காட்ட நினைத்தது, மனித வாழ்க்கையை விதி நடத்துகிறது, அதில் கை வைப்பவர்கள் துன்பப்படுவார்கள் என்பதை. வீட்டுக் கடனை அடைக்க நினைத்ததற்குக்கூட அந்தத் தண்டனை உண்டு.

எனக்குப் பிடிக்காத இடம் ஒன்றும் உண்டு: தணியும் நெருப்பில் குரங்கு முகம் தெரிவது. மற்ற அறிகுறிகளெல்லாம் சாதாரண வீட்டுப் பேச்சு மாதிரி வந்துபோக, இது மட்டும் பயப்படு என்று விரல் நீட்டிச் சொல்கிறது. அது இல்லாமலே அந்த இரவு போதுமான அளவுக்குக் கனமாகத்தான் இருக்கிறது.