வேலை அதிகம் என்று எப்போதும் புலம்பும் சக ஊழியர்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சிலரை நம்புவேன். சிலருக்கு டீ வாங்கிக் கொடுப்பேன்.

பெங்களூரு வெளிவட்டச் சாலையில் ஐ.டி. வேலை எனக்கு. டீமில் தமிழ் ஆட்கள் அதிகம். சாயங்காலம் டீக்குக் கீழே இறங்கினால் "முடியல மச்சி" என்பதுதான் வணக்கம்.

இதில் பாதிக்கு மேல் உண்மை. காலை 10 மணிக்கு ஸ்டாண்டப் என்கிற தினசரி டீம் மீட்டிங், அமெரிக்க கிளையண்டோடு ராத்திரி 9 மணிக்கு ஆன்லைன் மீட்டிங். நடுவில் உட்கார்ந்து செய்த வேலை 6 மணி நேரம்தான் இருக்கும். ஆனால் ஆள் நாள் முழுக்க அங்கேயும் இங்கேயும் நகர முடியாது. மாரத்தஹள்ளி, சில்க் போர்டு டிராஃபிக் தனி.

இன்னொன்று, ஜிராவில், அதாவது யார் என்ன வேலை செய்கிறார் என்று டிக்கெட் டிக்கெட்டாகப் பதியும் மென்பொருளில், ஏறாத வேலை. புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது, "ப்ரோ, ரெண்டு நிமிஷம்" என்று டீம்ஸ் ஆப்பில் வந்து ஒரு மணி நேரம் தின்னும் அழைப்பு, எழுதியவர் வேலையை விட்டுப் போன பழைய புரோகிராம் கோடு. மேனேஜர் ஜிரா போர்டைத் திறந்தால் புலம்புகிறவர் பெயரில் 2 டிக்கெட்தான் தெரியும். அதனால் யார் புலம்பினாலும் "இதையெல்லாம் டிக்கெட்டா போட்டீங்களா?" என்று கேட்பேன். போட்டுவிட்டால் அடுத்த சில வார வேலையைத் திட்டமிடும் ஸ்பிரிண்ட் பிளானிங்கில் "இதை எடுத்தா எதை விடட்டும்?" என்று கேட்க ஒரு பிடி கிடைக்கும். எங்கள் டீமில் ஒரு பெண் அப்படிக் கேட்டுத்தான் வாரக்கடைசி சப்போர்ட்டை எல்லோருக்கும் முறைவைத்துப் பிரித்தார்கள். "அதெல்லாம் எதுக்குங்க" என்று நழுவுகிறவர்களுக்குத்தான் அந்த டீ.

வருடாந்திர வேலை மதிப்பீடான அப்ரைசல் நெருங்கும்போது மட்டும், அதுவும் மேனேஜர் காதில் விழும் தூரத்தில் வரும் புலம்பலும் உண்டு. தலையாட்டுவதோடு சரி.

இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயணமூர்த்தி 2023 அக்டோபரில், இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்று சொன்னபோது டீக்கடையில் பெரிய சண்டையே நடந்தது. கர்நாடகத்தின் 1961-ஆம் வருடக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தில் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி என்று இருப்பதைப் பற்றி அன்று யாரும் வாய் திறக்கவில்லை. 2024-ல் ஐ.டி. வேலை நேரத்தை நாளுக்கு 14 மணி வரை நீட்டும் யோசனை வந்தபோது ஐ.டி. ஊழியர் சங்கம் எதிர்த்தது. எங்கள் கூட்டத்தில் பலர் அந்தச் செய்தியை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

பாவப்பட்டு "கொடுங்க, நான் முடிச்சுத் தரேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த ஸ்பிரிண்டிலிருந்து அது உங்கள் வேலை. ஆள் போதவில்லை என்ற விஷயமும் மேனேஜருக்குப் போய்ச் சேராது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு பஸ் பிடிக்க மடிவாளாவுக்கு ஓடுகிறவர் கேட்டால் மட்டும் செய்துகொடுப்பேன். எனக்கும் அடுத்த வாரம் ஓட வேண்டியிருக்குமே.