பூர்வீக ஊரில் வீடு கட்ட இடம்: புஞ்சையை வாங்குவதா, நத்தத்தில் பங்கைத் தீர்த்துக்கொள்வதா?

கேள்வி: நான் குவைத்தில் பணிபுரிகிறேன். சொந்த ஊர் சிவகங்கை மாவட்டத்தில் மானாமதுரையை அடுத்த ஒரு கிராமம். தாத்தா 1981-இல் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். பாட்டி 1995-இலும் அப்பா 2009-இலும் தவறிவிட்டார்கள். ஊருக்குள் தாத்தா குடியிருந்த 14 சென்ட் நத்தம் மனை, இடிந்த வீட்டோடு கிடக்கிறது. நத்தம் பட்டா சித்தப்பா பெயரில் மட்டும் உள்ளது. அவர் பாதி இடத்தை எனக்குத் தரச் சம்மதிக்கிறார். திருச்சியில் இருக்கும் அத்தைக்குத் திருமணத்தின்போதே நகையும் சீரும் செய்தாகிவிட்டதால் அவருடைய கையெழுத்து தேவையில்லை என்கிறார். இதற்கிடையில் ஊருக்கு வெளியே தார்ச்சாலையை ஒட்டி 12 சென்ட் புஞ்சை விலைக்கு வருகிறது. இரண்டு லட்ச ரூபாய் ரொக்கமாக முன்பணம் கேட்கிறார்கள். என் அம்மா, தங்கை, மனைவி மூவரும் மதுரையில் வசிக்கிறார்கள். வீடு கட்ட எந்த இடம் ஏற்றது?

பதில்: நத்தம் மனையில் உங்கள் தந்தையின் பங்கை முறைப்படி பிரித்து வாங்கி, அதில் வீடு கட்டுங்கள். புஞ்சைக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். காலம் சற்றுக் கூடுதலாகப் பிடித்தாலும் உங்கள் நிலையில் உள்ள ஒருவருக்குச் சட்டம் தடையின்றித் திறந்துவைத்திருக்கும் வழி இதுதான்.

புஞ்சையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை நிமித்தம் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகன் இந்தியாவில் வீட்டையோ மனையையோ தாராளமாக வாங்கலாம். ஆனால் விவசாய நிலம், தோட்டப் பயிர் நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழான விதிகள் இடம் தருவதில்லை. வாரிசு முறையில் வந்தால் வைத்துக்கொள்ளத் தடையில்லை. வருவாய்த் துறைப் பதிவேட்டில் புஞ்சை என்று இருக்கும் வரை, அங்கே கருவேலம் மண்டிக் கிடந்தாலும் அது விவசாய நிலமாகவே கருதப்படும். இந்தியாவில் வசிக்கும் உங்கள் மனைவி தம் பெயரில் அதை வாங்கலாம். தமிழ்நாட்டில் விவசாயி மட்டுமே விவசாய நிலம் வாங்கலாம் என்ற கட்டுப்பாடு கிடையாது.

ஆனாலும் வீட்டுக்கு அது உதவுமா என்பது வேறு கேள்வி. ஒரு பெரிய புலத்திலிருந்து 12 சென்ட்டைத் துண்டாக்கி வீட்டுமனை என்று விற்பதானால், ஒப்புதல் பெறாத மனையாக முன்பே பதிவாகியிருந்தாலன்றி, அத்தகைய மனைகளைப் பதிவு செய்யத் தடை விதிக்கும் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு குறுக்கே நிற்கும். விவசாய நிலம் என்றே எழுதிப் பதிவு செய்துகொண்டால் பத்திரம் கைக்கு வந்துவிடும். ஆனால் நிலப்பயன்பாட்டு மாற்றமும் நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதலும் பெறாத வரை கட்டட அனுமதி கைக்கு வராது. இந்த இடுக்கில் சிக்கிக்கொண்டு, வேலி போட்ட நிலத்தில் பல ஆண்டுகளாக ஒரு செங்கல்லும் வைக்க முடியாமல் இருப்பவர்கள் எல்லா மாவட்டங்களிலும் உள்ளனர்.

ஏதேனும் காரணத்தால் மனைவி பெயரில் அந்தப் புஞ்சையை வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தால், இன்றைய பட்டாவை மட்டும் பார்த்து நிறைவடையாதீர்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது, ஊர் வழக்கில் யு.டி.ஆர். என்கிறோமே அதன்போது, ஏராளமான பெயர்ப் பிழைகள் பதிவேட்டில் ஏறிவிட்டன. ஊரின் புலங்களை எண்வாரியாகப் பட்டியலிடும் அ-பதிவேட்டில் அதற்கு முந்தையதையும், ஊர் பழைய சிவகங்கை ஜமீனுக்கு உட்பட்டதாக இருந்தால் 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்திற்குப் பின் எழுதப்பட்ட நிலவரித் திட்டப் பதிவேட்டையும் எடுத்துப் பார்க்க வேண்டும். கோயில் நிலமா, பூதான இயக்கத்துக்குத் தானமாகக் கொடுத்த நிலமா, ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலமா, கட்டுப்பாடுகளோடு அரசு கொடுத்த நிபந்தனைப் பட்டா நிலமா, நீர் தேங்கும் கண்மாய் உள்வாயா என்பது அங்கேதான் தெரியவரும். உங்கள் பகுதியில் கோடையில் காய்ந்து கிடக்கும் நிலம் ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்க்குப் போகும் வரத்துக்காலாக மாறிவிடக்கூடும் என்பதால், மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் பார்க்காமல் எந்த நிலத்தையும் முடிவு செய்யக் கூடாது. ரொக்க முன்பணமோ கூடவே கூடாது: அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. விற்பனை ஒப்பந்தம் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதும் தமிழ்நாட்டில் 2012 முதல் நடைமுறையில் உள்ள விதி. வெற்றுத்தாளில் எழுதிய ரசீதை நம்பி இரண்டு லட்சத்தைக் கொடுக்காதீர்கள்.

இனி நத்தம் மனை. கிராம நத்தம் என்பது ஊர் மக்கள் குடியிருப்பதற்கென்று தொன்றுதொட்டு ஒதுக்கப்பட்ட பகுதி. அது அரசுப் புறம்போக்கு அன்று, குடியிருப்பவருக்கே உரியது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூறியுள்ளது. அது விவசாய நிலமும் அன்று என்பதால் வெளிநாட்டில் வசிக்கும் உங்களுக்கு மேலே சொன்ன தடை பொருந்தாது. குடியிருப்புப் பகுதியாகவே இருப்பதால் நிலப்பயன்பாட்டு மாற்றமும் தேவைப்படாது.

பட்டா சித்தப்பா பெயரில் மட்டும் இருப்பது உங்களைக் கலக்கமடையச் செய்ய வேண்டியதில்லை. அவருக்கும் அது தனியுரிமை எதையும் தந்துவிடவில்லை. நத்தம் மனைகளை அளந்து பட்டா கொடுப்பதற்காக நடந்த நத்தம் நிலவரித் திட்டத்தின்போது வந்தவர்கள், அன்று அந்த மனையில் இருந்தவர் பெயரை எழுதிக்கொண்டு போனதே பெரும்பாலான ஊர்களில் நடந்தது. பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. உரிமை எங்கிருந்து வந்தது என்பதற்கான மூலம் உங்கள் தாத்தாவின் அனுபவமும் அவருடைய வாரிசுரிமையும் ஆகும். பங்காளிகளில் ஒருவர் சொத்தை அனுபவித்துவந்தால், மற்றவர்களை வெளிப்படையாக விலக்கிவைத்து அனுபவித்தார் என்று நிரூபிக்கப்பட்டாலன்றி, அது எல்லாருக்காகவும் அனுபவித்ததாகவே சட்டத்தின் பார்வையில் கொள்ளப்படும். சித்தப்பா மனமுவந்து பங்கு தர முன்வந்திருக்கும் இந்த வேளையில், இதைச் சொல்லி அவருடைய மனத்தை வருத்த வேண்டிய அவசியமும் உங்களுக்கு இல்லை.

அத்தையின் கையெழுத்து பற்றிய பேச்சில்தான் உங்கள் சித்தப்பா தவறுகிறார். சொத்து தாத்தாவின் சுயசம்பாத்தியம் என்று வைத்துக்கொண்டால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் இறந்த அன்றே பாட்டி, இரு மகன்கள், மகள் ஆகிய நால்வருக்கும் சமபங்கு போய்விட்டது. பின்னர் பாட்டியின் பங்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக இறங்கியதால் அத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு. இல்லை, அது தாத்தாவுக்கும் முந்தைய பூர்வீகச் சொத்து என்று வைத்துக்கொண்டாலும் முடிவு பெரிதாக மாறாது. தமிழ்நாடு அரசின் 1989-ஆம் ஆண்டுத் திருத்தம், அதற்கு முன்பே திருமணமான பெண்களை விலக்கியது உண்மையே. ஆனால் 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம் அந்த வேறுபாட்டை அகற்றிவிட்டது. அந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே பங்குரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினை ஏதும் உங்கள் குடும்பத்தில் நடந்திருந்தால் நிலைமை வேறுபடும். வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்ற வாதத்தை நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை.

திருமணத்தில் செய்த நகையும் சீரும் சொத்துப் பங்குக்கு ஈடாகாது. பங்கை விட்டுக்கொடுப்பதானால் அதற்குப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். அத்தையை விட்டுவிட்டு நீங்களும் சித்தப்பாவும் மட்டும் பிரித்துக்கொண்டு வீட்டைக் கட்டினால், நாளை அத்தையோ அவருடைய பிள்ளைகளோ பாகப்பிரிவினை வழக்குத் தொடுக்கலாம். கட்டிய வீடு நிற்கும் மண்ணே வழக்குச் சொத்தாகிவிடும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும்: பிறந்த வீட்டு மண்ணில் தனக்கும் பங்கு உண்டு என்று அண்ணன் மகன் தேடிவந்து சொல்வதை எந்த அத்தையும் மறக்கமாட்டார். யார் மூலமாகவும் சொல்லி அனுப்பாமல், விடுப்பில் வரும்போது நீங்களே திருச்சிக்குச் சென்று பேசுங்கள். அவர் இடமாகக் கேட்டால் இடமாகவும், பணமாகக் கேட்டால் வங்கி வழியாகப் பணமாகவும் கொடுத்து, அதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்குள்ளும் இதே கணக்குதான். அப்பாவின் பங்கு உங்களுக்கு மட்டும் வந்துவிடவில்லை. அம்மா, தங்கை, நீங்கள் ஆகிய மூவரும் அதற்கு உரியவர்கள். எனவே தாத்தா, பாட்டி, அப்பா மூவருக்கும் இறப்புச் சான்றிதழும் வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழும் முதலில் கைக்கு வர வேண்டும். பழைய இறப்புகள் பதிவாகாமல் இருப்பது கிராமங்களில் சாதாரணம். அவ்வாறு இருந்தால் கோட்டாட்சியர் வழியாகத் தாமதப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும் என்பதால், எல்லாவற்றுக்கும் முன் இந்த வேலையைத் தொடங்குங்கள்.

சித்தப்பா, அத்தை, அம்மா, தங்கை, நீங்கள் என எல்லாரும் கட்சிகளாகச் சேர்ந்து ஒரே பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிக்கொள்வதே சிறந்தது என்பது என் கருத்து. அளந்து வரைந்த மனைப்படத்தை அதனுடன் இணைத்து, தெருவிலிருந்து ஒவ்வொரு பங்குக்கும் போகும் பாதையின் அகலத்தையும் பத்திரத்தில் எழுத வேண்டும். நத்தத்தில் எழும் சண்டைகளில் பெரும்பாலானவை மனையைவிடப் பாதையையும் மழைநீர் போகும் வழியையும் குறித்தவை. குடும்ப உறுப்பினர்களுக்கு இடையிலான பாகப்பிரிவினைக்கும் விடுதலைக்கும் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். இந்த வரம்புகள் 2023 ஜூலை முதல் உள்ளவை. ஒப்பிட்டுப் பார்த்தால், விலைக்கு வாங்கும்போது 7 சதவீத முத்திரைத்தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் ஆகும். சித்தப்பாவுக்கும் அண்ணன் பிள்ளைகளுக்கும் இடையே இந்தச் சலுகை எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைப் பத்திரம் எழுதுவதற்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பத்திரத்துக்கு முன் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். நத்தம் நிலவரித் திட்டத்தில் புல எண்கள் மாறியிருப்பதால் பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் போட வேண்டும். இணையத்தில் கிடைக்காத பழைய ஆண்டுகளுக்கு அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கையால் தேடிய சான்றிதழ் வாங்க வேண்டும். பதிவு செய்யாத உயில் வில்லங்கச் சான்றிதழில் வராது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பரப்பையும் சரிபாருங்கள்: 14 சென்ட் என்பது ஏறத்தாழ 567 சதுர மீட்டர், பட்டாவில் உள்ள பரப்பும் தரையில் உள்ள அளவும் ஒத்துப்போகாவிட்டால், பக்கத்து மனைக்காரர்கள் முன்னிலையில் நில அளவர் அளந்து கல் நட்ட பிறகே பங்கு பிரிக்க வேண்டும்.

பதிவு நாளில் நீங்கள் நேரில் இருப்பது நல்லது. விடுப்புக் கிடைக்காவிட்டால், இந்த ஒரு காரியத்துக்கு மட்டுமான சிறப்பு அதிகாரப் பத்திரத்தை அம்மாவின் பெயருக்கு எழுதி, குவைத்தில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் உரிய முத்திரைத்தீர்வை செலுத்தப்பட வேண்டும். பொது அதிகாரம் யாருக்கும் எழுதிக்கொடுக்காதீர்கள். முதுமையால் அத்தை அலுவலகம் வர இயலாத நிலையில் இருந்தால், தகுந்த காரணம் காட்டி விண்ணப்பித்துச் சார்பதிவாளரை அவர் இருக்கும் இடத்துக்கே வரவழைக்கப் பதிவுச் சட்டத்தில் வழி உண்டு.

பதிவு முடிந்த கையோடு உட்பிரிவு செய்து தனிப்பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள். அந்தப் பட்டாவையும் பத்திரத்தையும் வைத்துக் கட்டட அனுமதிக்குப் போகலாம். மூன்றில் ஒரு பங்கு என்றால் உங்கள் பக்கத்துக்கு 4.67 சென்ட், அதாவது சுமார் 2,030 சதுர அடி கிடைக்கும். 2,500 சதுர அடி வரையிலான மனையில் தரைத்தளமோ, முதல் தளமும் சேர்த்தோ 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு, 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. அத்தை தம் பங்கைப் பணமாகப் பெற்றுக்கொண்டு உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் விட்டுக்கொடுத்தால் உங்கள் மனை 7 சென்ட் ஆகி அந்த வரம்பைத் தாண்டிவிடும். அப்போது வழக்கமான முறையில் வரைபட ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். வங்கியில் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், பத்திரத்தின் வரைவு தயாரானவுடனேயே, பதிவுக்கு முன்பே, வங்கியின் சட்ட ஆலோசகரிடம் அதைக் காட்டி நத்தம் மனைக்கு அவர்கள் கேட்கும் ஆவணங்கள் எவை என்று எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.